வரவுக்குள்தான் செலவு என்று அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டால் என்ன?

எழுதப் பார்த்தார்கள், ஒரே ஓட்டில் போச்சு. 1995 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை இந்தத் திருத்தத்தை 300-க்கு 132 என்று நிறைவேற்றிவிட்டது. மார்ச்சில் செனட்டில் 67 ஓட்டு வேண்டும்; குடியரசுக் கட்சி செனட்டர்களில் மார்க் ஹாட்ஃபீல்டு மட்டும் கடைசிவரை மசியவில்லை. பதிவேட்டில் 65 என்று இருக்கும், ஏனென்றால் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் மறுபடி எடுக்கச் சொல்லி கேட்க முடியும் என்பது விதி, அதற்காகவே செனட்டில் அந்தக் கட்சியின் தலைவர் பாப் டோல் கடைசி நேரத்தில் எதிர்த்துப் போட்டார்; இல்லையென்றால் 66. 1997-லும் 66-ல் நின்றுவிட்டது.

"வெர்மான்ட் தவிர எல்லா மாநிலமும் இப்படித்தானே ஓட்டுகிறது" என்பார்கள். சரி, ஆனால் அது பெரும்பாலும் அன்றாடச் செலவுக் கணக்குக்குத்தான். பாலம், பள்ளிக்கூடம் கட்ட மாநிலங்கள் தனியாகப் பத்திரம் விற்றுக் கடன் வாங்குகின்றன.

எனக்கு உதைப்பது மந்த காலம்தான். வேலை போனால் வரி வருமானம் விழும், வேலையில்லாதோர் உதவித்தொகை தானாக ஏறும், வரவு செலவில் பள்ளம் தானாகவே விழும். அந்த நேரம் பார்த்துச் செலவை வெட்டு என்றால் இன்னும் நாலு பேருக்கு வேலை போகும். 2009-ல் மாநிலங்களே மத்திய அரசு கடன் வாங்கிக் கொடுத்த பணத்தில்தான் சமாளித்தன.

அப்புறம், மீறினால் யார் தடுப்பது? நீதிபதிகளா? அரசு வாங்கும் கடனுக்குச் சாசனத்திலேயே வரம்பு விதி வைத்திருக்கும் ஜெர்மனியில் அதுதான் நடந்தது: 2023 நவம்பரில், கொரோனாவுக்கென்று அனுமதித்த கடனில் 6,000 கோடி யூரோவை வேறு நிதிக்கு மாற்றியது செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்ல, பட்ஜெட் குலைந்தது, அடுத்த ஆண்டு பட்ஜெட் சண்டையில் ஆளும் கூட்டணியும் உடைந்தது. 2025 மார்ச்சில் பாதுகாப்புச் செலவுக்காக அந்த விதியையே தளர்த்திவிட்டார்கள்.