நெட் இல்லாத வகுப்பில், ஒரே போனை வைத்து, க்யூஆர் கோடு மூலம் கழித்தல் பயிற்சி தர முடியுமா?

முடியும். கோடுக்குள் லிங்க் வைக்காமல் எழுத்தையே வையுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள கோடுகள் இணையத்துக்குப் போவதால், க்யூஆர் என்றாலே நெட் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சின்னச் செய்தியை அந்தக் கட்டங்களுக்குள்ளேயே அடைத்துவிடலாம். சில தளங்கள் தரும் ‘டைனமிக்’ கோடு வேண்டாம். அதில் இருப்பது அவர்களுடைய சர்வர் முகவரி மட்டும்தான், சேவை நின்றால் கார்டு குப்பைக்குத்தான். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் 6.4 பதிப்பு முதல் ‘செருகு’ மெனுவில் ஆப்ஜெக்ட் என்பதன் கீழ் க்யூஆர் வசதி இருக்கிறது, நெட் இல்லாமலே வேலை செய்யும்.

ஒரு கணக்குக்கு ஒரு கோடு, அதற்குள் விடை என்று செய்தால் இரண்டாம் நாளே பிள்ளைகள் கணக்குப் போடாமல் ஸ்கேன் மட்டும் செய்வார்கள். அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று விடை, மூன்று கோடு. தவறான இரண்டும் வாய்க்கு வந்த எண்ணாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் உண்மையில் செய்யும் தவறிலிருந்து பிறக்க வேண்டும்.

இனமாற்றத்துடன் (பத்தை உடைத்துக் கடன் வாங்கி) கழித்தலில் 53 − 27 எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடை 26. ஒன்றுகளில் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளைக்கு 34 வரும். கடன் வாங்கிவிட்டு பத்தைக் குறைக்க மறந்தால் 36. ஆனால் 52 − 27 கொடுத்தால் இரண்டு தவறுமே 35-இல் போய் முடியும், எந்தத் தவறு என்று கோடால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றுகளின் இலக்கங்களுக்கிடையே வித்தியாசம் 5 இருந்தாலே இந்தச் சிக்கல் வரும். அப்படிப்பட்ட கணக்கை ஒதுக்கிவிடுங்கள்.

34-க்கான கோடில்: “3-இலிருந்து 7 போகுமா? பத்தை உடைத்தாயா?”
36-க்கு: “கடன் வாங்கினாய், பத்தைக் குறைத்தாயா?”
26-க்கு: “சரி. பத்தை உடைத்து 13-7, பிறகு 40-20. இனி 62-38.”

சரியான விடைக்கு வெறும் “சரி” போதாதா என்று தோன்றும். போதாது, அதற்குக் காரணம் பைட் கணக்கு, அதாவது எழுத்து கோடுக்குள் பிடிக்கும் இடம். தமிழில் ‘க’ 3 பைட். ‘க்’, ‘கா’ எல்லாம் 6. “சரி” 9 பைட்தான், பிழைதிருத்தம் (கோடு கொஞ்சம் அழுக்கானாலும் படிக்கவைக்கும் வசதி) ‘மீடியம்’ நிலையில் 21×21 கட்டத்தில் அடங்கிவிடும். மேலே உள்ள குறிப்புகள் 100 பைட்டை ஒட்டியவை, அவற்றுக்கு 41×41 வேண்டும். ஒரே அளவில் அச்சிட்டால், கட்டங்கள் குறைவாகவும் பெரிதாகவும் இருக்கும் கோடுதான் சரி என்பதைப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் (கழித்தலைவிட இதில் கெட்டிக்காரர்கள்). மூன்று செய்திகளும் 85 முதல் 106 பைட்டுக்குள் இருந்தால் மூன்றுமே 41×41-ஆக வரும்.

ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒரு கார்டு. கோடு 3 செ.மீ. பக்கம், சுற்றிலும் 4 கட்ட அகலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 3 மி.மீ., வெள்ளை விளிம்பு. ஸ்கேன் ஆகாத கார்டுகளில் பெரும்பாலும் இந்த விளிம்பைத்தான் கத்தரியோ கலர் பென்சிலோ தின்றிருக்கும். பளபள லேமினேஷன் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியாகிவிடும், மேட் போடுங்கள். மூன்று கோடுகளும் ஒரே வரிசையில் இருப்பதால் கேமரா பக்கத்துக் கோடைப் படித்துவிடலாம். ஓர் அட்டையில் 4 செ.மீ. சதுர ஓட்டை வெட்டி, தேர்ந்த விடையின் மேல் அதை வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஐபோன் கேமரா வெறும் எழுத்தைக் கண்டால் இணையத்தில் தேடவா என்று கேட்கும், ஆகவே எழுத்தை மட்டும் காட்டும் ஸ்கேனர் செயலி ஒன்றை முன்கூட்டியே போட்டுவையுங்கள்.

ஒரு போன் என்றால் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குழு அதைச் சுற்றி, மற்றவர்கள் நோட்டில். நோட்டில் படிகளைக் காட்டிய பிறகே போன் கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் மூன்றையும் வரிசையாக ஸ்கேன் செய்து பார்ப்பார்கள்.