பச்சைப் பட்டாணியும் தண்ணீர் விட்ட தயிரும்

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடும் பட்டாணி சாலட் செய்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது, பட்டாணியும் பழுப்பாகிக் குழைந்துபோச்சு. எங்கே தப்பு?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: குக்கரில் விசில் விட்டீர்கள்தானே? இதற்கு குக்கரே வேண்டாம். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் உரித்த பட்டாணியைப் போட்டு, மூடாமல் 3, 4 நிமிடம் வேகவிட்டு (ஃப்ரோசன் என்றால் 2 நிமிடமே தாராளம்), உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டினால் பச்சை நிறம் அப்படியே நிற்கும், பல்லில் நறுக்கென்று கடிபடும். அப்புறம் வடிகட்டி, துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்கள். பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தயிரையும் அப்படியே ஊற்றக்கூடாது. மெல்லிய துணியில் மூட்டை கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 2 மணி நேரம் வடியவிடுங்கள். இதற்காக எம்.சி. ரோடு வரை போய்த் துணி எடுக்க வேண்டாம், வீட்டிலிருக்கும் பழைய வேட்டித் துண்டே போதும், சோப்பு வாசனை மட்டும் இருக்கக்கூடாது. 2 கப் பட்டாணிக்கு வடித்த தயிர் அரை கப், பொடியாக நறுக்கிய வெங்காயம், மிளகுத்தூள், கொஞ்சம் புதினா. மயோனைஸ் சிலருக்குப் பிடிக்கும், எனக்கு நம்மூர் வெயிலுக்குத் தயிர்தான். உப்பு மட்டும் பரிமாறும்போது போடுங்கள், முன்னாடியே போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுவிடும்.