சப்பெராவி ஒயின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜார்ஜியா நாட்டின் சப்பெராவித் திராட்சையைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: சப்பெராவி ஒயின் மையைப் போலக் கறுத்திருக்கிறது. அதில் சாயம் ஏதும் கலக்கிறார்களா, அல்லது நிறம் அடர்ந்திருப்பதுதான் தரத்தின் அடையாளமா?

பதில்: இரண்டுமில்லை. சிவப்பு ஒயினுக்கான திராட்சைகளில் பெரும்பாலானவற்றைப் பிழிந்தால் நிறமற்ற சாறுதான் வரும். அது தோலோடு சேர்ந்து ஊறும்போதுதான் நிறம் இறங்கும். சப்பெராவியிலோ தோலுக்கு மட்டுமன்றிச் சதைக்கும் நிறம் உண்டு. இத்தகைய திராட்சைகள் உலகில் மிகச் சிலவே. அவற்றிலும் பல, வெளிறிய ஒயின்களுக்கு நிறமேற்றுவதற்காகவே பயிரிடப்பட்டவை. தனித்து நின்றே உயர்ந்த ஒயினாகும் தகுதி சப்பெராவிக்கு இருப்பதுதான் அதன் சிறப்பு.

ஆனால் சுமாரான சப்பெராவியும் கறுப்பாகத்தான் இருக்கும் என்பதால் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. கவனிக்க வேண்டியது புளிப்பை. நன்கு பழுத்த பிறகும் புளிப்பை இழக்காத திராட்சை இது; அந்தப் புளிப்பைத் தாங்கும் அளவுக்குப் பழச்சுவை இருக்கிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது. நாவற்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: நாக்கில் நிறம் ஏற்றி, துவர்த்து, புளித்து, அதற்குப் பின்னும் இன்னொன்றைக் கேட்க வைக்கிறதே, நல்ல சப்பெராவியும் அப்படித்தான். பறிப்பதில் அவசரப்பட்டிருந்தால் புளிப்பு மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். துவர்ப்பிலும் ஒரு பச்சை வாடை இருக்கும்.

கேள்வி: முதலில் வாங்கிய பாட்டில் துவர்ப்பாக இருந்தது, வேறு பெயரில் வாங்கிய இரண்டாவது இனித்தது. இரண்டும் சப்பெராவி என்றே கடைக்காரர் சொன்னார். எப்படி?

பதில்: கடைக்காரர் சொன்னது சரியாகவே இருக்கலாம். இந்த ஒரே திராட்சையிலிருந்து இனிப்பற்ற ஒயினையும் அரை இனிப்பு ஒயினையும் ஜார்ஜியர்கள் செய்கிறார்கள். எது எதுவென்பதைப் பெரும்பாலும் லேபிளில் உள்ள ஊர்ப் பெயர்தான் காட்டிக்கொடுக்கும். நாட்டின் கிழக்கே காகெத்தி மாகாணத்தில் ஓடும் அலசானி ஆற்றின் இரு கரைகளிலும்தான் இந்த ஊர்களில் பெரும்பாலானவை இருக்கின்றன. முக்குசானி, நப்பரெவுலி, க்வரேலி ஆகிய பெயர்களைக் கண்டால் இனிப்பற்ற ஒயினை எதிர்பார்க்கலாம். இவற்றுள் முக்குசானி ஓக் மரப் பீப்பாயில் முதிர்வது. கிண்ட்ஸ்மராவுலி, அகாஷேனி ஆகியவை அரை இனிப்பு வகைக்குப் பேர்போனவை. இவற்றில் வழக்கமாகச் சர்க்கரை சேர்ப்பதில்லை. நொதித்தல் முடியுமுன் குளிர்வித்து நிறுத்திவிடுவதால் பழத்தின் சர்க்கரையில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடுகிறது.

‘அலசானிப் பள்ளத்தாக்கு’ என்று பொதுவாக எழுதியிருக்கும் சிவப்பு ஒயின் பெரும்பாலும் அரை இனிப்பாகவே இருக்கும். அதில் வேறு திராட்சைகளும் கலந்திருக்கக்கூடும். பலரும் சப்பெராவி என்றே நினைத்து வாங்கும் க்வஞ்ச்காரா சப்பெராவியே அல்ல. அது ராச்சா பகுதியில் அலெக்சாந்த்ரோவுலி, முஜுரெத்துலி என்னும் திராட்சைகளிலிருந்து செய்யப்படுவது. சப்பெராவியை முதன்முதலாகச் சுவைக்கப் போகிறவருக்கு நான் முக்குசானியைக்கூடப் பரிந்துரைப்பதில்லை. ஓக்கின் மணம் குறுக்கிடாத, ‘சப்பெராவி, இனிப்பற்றது’ என்று மட்டும் எழுதிய எளிய பாட்டில் ஒன்றே போதும். பழத்தின் குணம் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: க்வெவ்ரியில் செய்தது என்றால் கூடுதல் விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா? எட்டாயிரம் ஆண்டு மரபு என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: க்வெவ்ரி என்பது முட்டை வடிவிலான பெரிய மண் சாடி. உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை நிலத்தில் புதைத்து வைப்பார்கள். சாறு, தோல், விதை, சில வேளைகளில் காம்பு என எல்லாம் அதற்குள்ளேயே நொதிக்கும். சுற்றியுள்ள மண் வெப்பம் ஏறாமல் காக்கும். 2013-இல் யுனெஸ்கோ இம்முறையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஓக் பீப்பாய் தரும் வனிலா மணம் இதில் இராது. மண்வாடையும் சற்று முரட்டுத் துவர்ப்பும் கூடி வரும். மென்மையை விரும்புகிறவர்கள் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதோடு, சாடியைத் துப்புரவாகப் பேணாத உற்பத்தியாளரிடமிருந்து வரும் ஒயினில் வினிகர் நெடி அடிக்கும்; அதை ‘மரபின் மணம்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

எட்டாயிரம் ஆண்டு என்பது தலைநகர் திபிலீசிக்குத் தெற்கே கிடைத்த மண்கல ஓடுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிடப்பட்ட முடிவைச் சார்ந்தது. ஜார்ஜியாவில் ஒயின் அவ்வளவு பழமையானது என்பதற்கு அது சான்று. அந்தக் கலங்களில் இருந்தது சப்பெராவிதான் என்பதற்குச் சான்று அல்ல.

கேள்வி: எப்போது திறப்பது, எப்படிப் பரிமாறுவது? அடியில் கசடு படிந்திருந்தால் கெட்டுவிட்டதா?

பதில்: எளிய சப்பெராவியை ஐந்து ஆண்டுகளுக்குள் குடித்துவிடலாம். புளிப்பும், துவர்ப்பைத் தரும் டேனினும் மிகுந்த திராட்சை என்பதால் நல்ல முக்குசானி பத்து ஆண்டுகள் தாண்டியும் நிற்கும். அப்போது கரும்பழச் சுவை சற்று அடங்கி, பதனிட்ட தோல், புகை, உலர்ந்த பிளம் ஆகியவற்றின் மணம் மேலெழும். இளம் ஒயினை ஒரு மணி நேரம் முன்பாகவே டிகாண்டரில், அதாவது காற்றுப் படுவதற்கான அகன்ற குடுவையில், ஊற்றிவைப்பது நல்லது. பரிமாறும்போது 16 முதல் 18 டிகிரி வரை இருக்கட்டும். ‘அறை வெப்பம்’ என்ற அறிவுரை குளிர்நாடுகளில் பிறந்தது. சென்னை அறையில் அப்படியே திறந்தால் ஆல்கஹாலின் காரம்தான் மூக்கில் ஏறும். பரிமாறுமுன் சற்று நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அரை இனிப்பு வகையை இன்னும் குளிர்ச்சியாகப் பரிமாற வேண்டும்.

கசடு கெட்டதன் அறிகுறி அன்று. முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு, மெதுவாகச் சாய்த்து ஊற்றினால் போதும். பற்களில் கறை ஏறத்தான் செய்யும். உடனே பல் துலக்க ஓடாமல் தண்ணீரால் கொப்பளியுங்கள். புளிப்பு பட்ட பல்லை உடனடியாகத் தேய்ப்பது எனாமலுக்கு நல்லதல்ல.

கேள்வி: எந்த உணவோடு பொருந்தும்?

பதில்: கொழுப்புள்ள இறைச்சி. ஜார்ஜியர்கள் திராட்சைக்கொடி விறகின் தணலில் சுடும் ‘ம்த்ஸ்வாதி’ இறைச்சித் துண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. இறைச்சி உண்ணாதவர்களுக்கு, வால்நட் விழுது தடவிச் சுருட்டிய கத்தரிக்காய் உண்டு. மிளகாய்க் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் மிகைப்படுத்திக் காட்டும் என்பதால் காரமான குழம்போடு அரை இனிப்பு வகையே ஒத்துப்போகும்.

கேள்வி: வேறு நாடுகளில் விளைகிறதா?

பதில்: ஆஸ்திரேலியாவின் கிங் பள்ளத்தாக்கிலும் மெக்லாரன் வேலிலும், அமெரிக்காவின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியிலும் விளைகிறது. குளிரைத் தாங்குவதால் பின்னதில் நன்றாகவே பிடித்துக்கொண்டது. ‘சப்பெராவி செவெர்னி’ என்பது ரஷ்யாவில் உருவாக்கிய கலப்பினம்; பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கேள்வி: திபிலீசியில் மருத்துவம் படிக்கிறேன். காகெத்திச் சாலையோரங்களில் பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கும் வீட்டு ஒயினை வாங்கி ஊருக்கு எடுத்து வரலாமா?

பதில்: சுவைத்துப் பார்த்து, பிடித்திருந்தால் வாங்கி, அங்கேயே நண்பர்களோடு ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். சில வீடுகளின் ஒயின் கடையில் கிடைப்பதைவிட மேலாகவே இருக்கும். ஆனால் அதில் கெடாமல் காக்கும் சல்ஃபைட்டைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை; பிளாஸ்டிக்கின் வழியே காற்றும் மெல்லப் புகுந்துகொண்டே இருக்கும். ஊர் வந்து சேர்வதற்குள் அது கெடத் தொடங்கிவிடலாம். ஊருக்குக் கொண்டுவர, விளைந்த ஆண்டும் ஊர்ப் பெயரும் லேபிளில் தெளிவாக உள்ள கண்ணாடி பாட்டிலையே வாங்குங்கள்.