பேச எழுந்தால் கை நடுங்குகிறது, என்ன செய்வது?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். வேலூர்ப் புரட்சி நினைவு நாளான ஜூலை 10 அன்று எங்கள் ஊர் நூலகத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். வீட்டில் தடையில்லாமல் வருகிறது. ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் கை நடுங்கி நாக்கு வறண்டுவிடும். கல்லூரியில் ஒருமுறை பாதியிலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டேன். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

பதில்: முதலில் அந்த மனப்பாடத்தை விட்டுவிடுங்கள், சகோதரி. அன்றைக்கு உங்களைப் பாதியில் இறக்கியதில் அதற்கும் பங்கு இருந்திருக்கும். வரி வரியாக நெட்டுருப் போட்ட பேச்சில் ஒரு சொல் நழுவினால் அடுத்த வரி வராது. பயந்த நேரத்தில் முதலில் நழுவுவதும் சொல்தான்.

ஐந்து நிமிடத்துக்கு மூன்று சொல் போதும். ஒன்று, தலைப்பாகை: தாடி கூடாது, நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, புது மாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு. இரண்டு, கோட்டை: 1806 ஜூலை 10 விடிவதற்கு முன் அவர்கள் கிளர்ந்து எழுந்ததும், திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்த அந்தக் கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியதும். மூன்று, குதிரைப்படை: ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி விரைந்து வந்து அன்றைக்கே அடக்கியது. இந்த வரிசை மனதில் இருந்தால், நடுவில் வாக்கியம் எப்படி அமைந்தாலும் சரி. முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் அப்படியே மனப்பாடமாக இருக்கட்டும்.

முடிந்தால் ஒரு நாள் பஸ் ஏறி வேலூர் வந்து, கோட்டை அகழி ஓரமாக நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நின்று பார்த்த இடத்தைப் பற்றிப் பேசும்போது சொல்லைத் தேட வேண்டியிருக்காது. அப்புறம் வீட்டார் முன், பிறகு அக்கம்பக்கத்தார் ஐந்தாறு பேர் முன், கடைசியாக நூலகத்திலேயே மைக் வைக்கும் இடத்தில் நின்று பேசுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பதைப் பயிற்சியில் சேர்க்க வேண்டாம்.

நம்மூர் மேடைகளில் பலர் தடுமாறுவது பேச்சில் அல்ல, அதற்கு முந்தைய விளிப்பில். தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஐயா அவர்களே என்று வரிசையாகப் போகும்போது ஒரு பெயர் மறந்தால் போதும், முகம் வெளிறி மற்றதும் கலைந்துவிடும். அழைப்பிதழைப் பார்த்துப் பெயர்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். தயக்கமாக இருந்தால் தலைவர் பெயரை மட்டும் சொல்லி, “மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அவையோரே, வணக்கம்” என்று முடித்துக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பெயர்களையும் மூன்று சொல்லையும் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மெல்லிய தாள் கை நடுக்கத்தை ஊருக்கே காட்டும், அட்டை காட்டாது.

நடுக்கம் நோய் அல்ல. உடம்பு ஏதோ ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைச் சுரக்கிறது. அதனால்தான் நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. பேசத் தொடங்கிய ஓரிரு நிமிடத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். பல வருடமாக மேடைப் பேச்சைக் கற்றுத்தரும் எனக்கும் இன்றுவரை உள்ளங்கை வியர்க்கிறது. உங்கள் பெயரைக் கூப்பிடுவதற்கு முன், 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து 6 அல்லது 7 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்தாறு முறை செய்தால் படபடப்பு குறையும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம், தண்ணீர் குடியுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது என்று யாராவது சொன்னால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

மைக் முன் போனதும் உடனே ஆரம்பிக்காதீர்கள். நின்று, பரிச்சயமான ஒரு முகத்தைப் பார்த்து, பிறகு வாயைத் திறங்கள். நடுவில் நின்றுபோனால் அட்டையைப் பாருங்கள், ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், அடுத்த சொல்லிலிருந்து தொடருங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தோன்றும் அந்த இடைவெளி, கேட்பவர்களுக்கு மூச்சு விடும் நேரம்தான்.