கோழி விண்மீனைக் கொத்தும் ஊர்

கேள்வி: பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையிலுள்ள சேன் வெரான்தான் ஐரோப்பாவிலேயே மிக உயரமான ஊர் என்கிறார்களே, உண்மையா? அத்தனை உயரத்தில் மக்கள் ஏன் குடியேறினார்கள்?

பதில்: ஊர்க்காரர்களிடம் கேட்டால் ஐயமின்றி ‘ஆம்’ என்பார்கள். கேராஸ் வட்டாரத்தில், கடல்மட்டத்திலிருந்து 2,042 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சேன் வெரான். சுவிட்சர்லாந்தின் யூஃப் 2,126 மீட்டரில் இருந்தாலும் அது வேறோர் ஊராட்சிக்கு உட்பட்ட சிற்றூர்; தனி ஊராட்சியாக இயங்கும் ஊர்களில் தங்களுடையதே உயரமானது என்பது சேன் வெரான்காரர்களின் வாதம். தங்கள் ஊரில் கோழி விண்மீனைக் கொத்தித் தின்னும் என்று அவர்கள் பெருமை பேசுவதும் உண்டு.

என்னைக் கேட்டால், உயரத்தைவிட அந்த ஊர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. மலைச்சரிவில் வெயில் விழும் பக்கத்தை அங்கே ‘அத்ரே’ என்றும், நிழல் தங்கும் பக்கத்தை ‘யூபாக்’ என்றும் சொல்வார்கள். வெயில் பக்கத்தில் பனி முன்னதாகவே உருகிவிடுவதால் வீட்டையும் வயலையும் அங்கே வைத்துக்கொண்டு, எதிர்ச்சரிவைக் காட்டுக்கு விட்டுவிட்டார்கள். கோடையின் இறுதியில் விதைத்த ரை தானியம் பனிக்காலம் முழுவதும் மண்ணில் கிடந்து, ஏறத்தாழ ஓராண்டு கழித்தே அறுவடைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத்தில், பொது அடுப்பில் ரொட்டியைச் சுட்டு அடுக்கி வைப்பார்கள். மாதங்கள் செல்லச் செல்ல அது கல்லாக இறுகிவிடும் என்பதால், அதை வெட்டுவதற்கென்றே பலகையோடு பிணைத்த தனிக் கத்தியை வைத்திருந்தார்கள்.

கேள்வி: படங்களில் அவ்வூர் வீடுகள் கரிபடிந்தவை போலத் தெரிகின்றனவே?

பதில்: அது கரியன்று, லார்ச் மரம் பல தலைமுறை வெயிலில் காய்ந்து கறுத்த நிறம். கீழே கல்லால் கட்டிய தளம், அதன்மேல் லார்ச் மரத்தடிகளை அடுக்கி எழுப்பிய பெரும் பரண். பரணில் வைக்கோலும் கதிரும் இருக்கும். அறுவடைக்குள் முற்றாக உலராத கதிர்கள் வெயிலை நோக்கிய மரமாடங்களில் காயும். பனிக்காலத்தில் கீழ்த்தளத்தில் மாடும் மனிதரும் ஒன்றாகவே இருந்தனர். விறகு அரிதான உயரத்தில் கால்நடையின் உடற்சூடே கணப்பாயிற்று.

இப்படிப்பட்ட வீடுகள் நெருங்கி நின்றால் ஒரு பொறி போதும், ஊரே போய்விடும். ஆகவே ஊரைப் பல பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்கு நடுவே எதுவும் கட்டக்கூடாத வெற்றிடம் விட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனி அடுப்பும், மரத்தொட்டி வைத்த நீரூற்றும் உண்டு. சுவர்களில் வரைந்த சூரியக் கடிகாரங்களையும் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் இம்மலைநாட்டில் சுற்றித் திரிந்து அவற்றை வரைந்த சர்புலா என்னும் ஓவியரின் கைத்திறம் கேராஸ் முழுவதும் காணக்கிடைக்கிறது.

கேள்வி: இவ்வளவு ஒதுங்கிய ஊருக்கு வரலாறு என்று ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, அதுவும் வியப்பான வரலாறு. 1343-இல் பணமுடையில் சிக்கியிருந்த தோஃபினே நாட்டின் (இன்றைய தென்கிழக்குப் பிரான்ஸ்) ஆட்சியாளர் இரண்டாம் உம்பேர், பிரியான்சோன் வட்டார மலைமக்களுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். 12,000 பொற்காசுகளும் ஆண்டுதோறும் 4,000 தூக்கா நாணயங்களும் தருவதாக மக்கள் ஒப்புக்கொள்ள, தங்கள் தலைவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும், கூடிப் பேசி வரியைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை கிடைத்தது. இவ்வுரிமை பெற்ற ஊர்க்கூட்டங்கள் ஐந்து; ‘எஸ்கார்தோன்’ என்று பெயர்பெற்ற அவற்றுள் கேராஸும் ஒன்று. 1713-இல், ஐரோப்பிய அரசுகளிடையே நடந்த போரை முடித்த உத்ரெக்ட் உடன்படிக்கை அவற்றுள் மூன்றைச் சவாய் அரசுக்குக் கொடுத்துவிட்டது. எஞ்சியவற்றின் தனியுரிமை பிரெஞ்சுப் புரட்சியோடு முடிந்தது. விலைகொடுத்து வாங்கிய உரிமையை நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் விடாமல் காத்தவர்கள், எழுத்தறிவிலும் பின்தங்கவில்லை. பனிக்காலத்தில் தொப்பியில் இறகு செருகிக்கொண்டு சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கி ஆசிரியர் வேலை தேடியவர்கள் இம்மலைநாட்டார். ஓர் இறகு என்றால் வாசிக்கக் கற்பிப்பார், இரண்டு என்றால் கணக்கும் சேரும், மூன்று என்றால் லத்தீனும் உண்டு என்று அந்த வழக்கத்தை விளக்குவார்கள்.

கேள்வி: இன்று எதை நம்பிப் பிழைக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் சுற்றுலாவை. ஊருக்கு மேலே, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே வெட்டப்பட்ட செப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டிலும் விட்டுவிட்டு நடந்த அந்த வேலை 1961-இல் நின்றது. ரை வயல்கள் புல்வெளிகளாகிவிட்டன. ஆடுமாடு வளர்ப்பும் மரச்செதுக்கு வேலையும் தொடர்கின்றன. பனிச்சறுக்குத் தளத்தைப் பக்கத்து ஊரான மொலினோடு சேர்ந்து நடத்துகிறார்கள். பெருநிறுவன விடுதிகள் நிறைந்த வடக்கு ஆல்ப்ஸ் தளங்களோடு அதை ஒப்பிடவே முடியாது, அதுவே அதன் அழகு. 1977-இல் கேராஸ் வட்டார இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் கட்டுமானப் பெருக்கத்துக்குக் கடிவாளம் இட்டது. 2,930 மீட்டர் உயரத்தில் 1974-இல் கட்டிய வானாய்வு நிலையத்தைப் பிற்பாடு வானியல் ஆர்வலர்கள் ஏற்று நடத்தி, 62 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியால் இரவு வானை நோக்குகிறார்கள். ஆண்டு முழுவதும் தங்கியிருப்போர் இருநூறு பேர் அளவில்தான்.

கேள்வி: போக விரும்பினால் எப்போது போகலாம்?

பதில்: மலைப்பூக்களைக் காண ஜூன் பிற்பகுதியும், லார்ச் இலைகள் பொன்னிறமாவதைக் காண அக்டோபரும் ஏற்றவை. பாரிஸிலிருந்து பிரியான்சோன் செல்லும் இரவு ரயிலில் மோந்தோஃபேன்-கியெஸ்த்ர் நிலையத்தில் இறங்கிச் சாலை வழியே மேலேற வேண்டும். இத்தாலிப் பக்கமிருந்து வருவதானால் 2,744 மீட்டர் உயர அஞேல் கணவாய் பனிக்காலம் முழுவதும் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். காரில் போனாலும் ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே செல்ல வேண்டியிருக்கும்.