எம்ஐபி கோப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் கல்லூரியில் புதிதாக வாங்கிய நெட்வொர்க் சுவிட்சுகளின் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டிகள்) தகவல்கள், கண்காணிப்பு மென்பொருளில் 1.3.6.1.4.1 என்று தொடங்கும் நீண்ட எண்களாகவே வருகின்றன. பெயர் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ‘எம்ஐபி லைசென்ஸ்’ வாங்க வேண்டும் என்கிறார் பராமரிப்பு ஒப்பந்தக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது.

மென்பொருள் சுவிட்சிடம் எஸ்என்எம்பி என்ற நெறிமுறையில்தான், அதாவது கருவிகளைக் கண்காணிப்பதற்கான பொதுப் பேச்சு முறையில்தான் பேசுகிறது. சுவிட்சில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் முகவரி உண்டு. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என்று நிலத்தைக் குறிப்பது போல, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு படி இறங்கிப் போகும். 1.3.6.1.2.1 என்பதன் கீழ் இருப்பவை எல்லாக் கம்பெனிக்கும் பொது. 1.3.6.1.2.1.1.5.0 என்று கேட்டால், எந்தக் கம்பெனிச் சுவிட்சும் தன் பெயரைச் சொல்லும். 1.3.6.1.4.1 என்பதன் கீழ் இருப்பவை கம்பெனிகளின் சொந்தக் கிளைகள். அங்கே சிஸ்கோவின் எண் 9, மைக்ரோடிக்கின் எண் 14988.

எம்ஐபி என்பது அந்த எண்ணுக்கு என்ன பெயர், என்ன பொருள், என்ன அலகு என்று எழுதிவைத்த சாதாரண எழுத்துக் கோப்பு. சுவிட்ச் அனுப்பும் மதிப்பு அதில் இல்லை. கோப்பு இல்லாவிட்டாலும் மதிப்பு வந்துகொண்டுதான் இருக்கும், பெயர் மட்டும் தெரியாது. சுவிட்ச் தயாரித்த கம்பெனியின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். சிலர் வாடிக்கையாளர் லாகின் கேட்பார்கள். சுவிட்ச் வாங்கியது கல்லூரி, ஆகவே லாகினும் கல்லூரி பெயரில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் தன் மின்னஞ்சலில் பதிவு செய்துவைத்துக்கொண்டு உங்களிடமே விற்பதுதான் இங்கே நடக்கும் வியாபாரம். டெண்டரில் சுவிட்சுக்கு எத்தனை போர்ட் என்று எழுதுகிறவர்கள், கடவுச்சொல்லையும் கோப்புகளையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவதில்லை. எத்தனை முறை சொன்னாலும் மாறுவதில்லை!

மதிப்பு வந்துகொண்டுதான் இருக்கும் என்றேன். ஒரே ஓர் இடத்தில் ஏமாந்துபோவீர்கள்: போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் துளையில், எவ்வளவு டேட்டா போனது என்ற கணக்கு. அதை எண்ணும் பழைய கவுண்டர் 32 பிட். சுமார் 429 கோடி பைட் எண்ணியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் அதற்கு ஐந்தே முக்கால் நிமிடம் ஆகும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாலும் கணக்கு தப்பாது. ஆனால் 1 ஜிகாபிட் லைனில் 34 விநாடியில் சுற்றிவிடும். ஐந்து நிமிடத்தில் எத்தனை சுற்று போனது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நிரம்பி வழியும் லைன், வரைபடத்தில் காலியாகத் தெரியும். இதற்கு 64 பிட் கவுண்டர் இருக்கிறது, முகவரி 1.3.6.1.2.1.31.1.1.1.6 என்று தொடங்கும். எஸ்என்எம்பியின் முதல் பதிப்பில் அதைக் கேட்கவே முடியாது. மென்பொருளில் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், 1 என்றிருந்தால் உடனே மாற்றுங்கள்.

மாற்றும்போது இடையிலுள்ள 2சி பதிப்பில் நிற்காமல் நேராக 3-க்கே போய்விடுங்கள். 1, 2சி இரண்டிலும் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே லைனில் போகும். அதுவும் பல இடங்களில் ‘பப்ளிக்’ என்ற பழைய சொல்லாகவே இருக்கும். எழுதும் அனுமதியும், அதாவது சுவிட்சின் அமைப்பை மாற்றும் அனுமதியும் திறந்திருந்தால், வளாகத்துக்குள் இருக்கும் யார் வேண்டுமானாலும் போர்ட்டை அணைத்துவிடலாம். பதிப்பு 3-இல் பயனர் பெயர், கடவுச்சொல், குறியாக்கம் மூன்றும் உண்டு. அதை அமைத்துத் தர வேண்டியது உங்கள் பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் வேலை. தனிக் கட்டணம் கேட்டால் ஒப்பந்தத்தில் எந்த வரியில் அப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.