ஆவரேஜ் மட்டும் ஏன் தப்பாக வருகிறது?

கேள்வி இதுதான்: சொந்தமாக எழுதும் குவெரி இன்ஜினில் (டேட்டாபேஸில் கேட்கும் கேள்விக்கு விடை கணக்கிடும் ப்ரோகிராம்), வேலையை இரண்டு த்ரெட்டுக்கு (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பிரிவுகள்) பிரித்ததும் சம் (கூட்டுத்தொகை), கவுண்ட் (எண்ணிக்கை) சரியாக வருகின்றன, ஆவரேஜ் (சராசரி) மட்டும் தப்புகிறது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரே கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் என்று வையுங்கள். மல்லிகை கிலோ விலையை ஒருவர் 400, 500, 600 என்று எழுதுகிறார்; சராசரி 500. இன்னொருவர் நோட்டில் ஒரே வரி, 900. இரண்டு சராசரியையும் கூட்டிப் பாதியாக்கினால் 700. நாலு வரியையும் கூட்டி வகுத்தால் 600. உங்கள் இன்ஜின் அந்த 700 கணக்கைத்தான் போடுகிறது.

ஆகவே த்ரெட் சராசரியைத் தரக்கூடாது. கூட்டுத்தொகை, எண்ணிக்கை இரண்டையும் தர வேண்டும். 1500-க்கு 3, 900-க்கு 1. வகுத்தல் கடைசியில் ஒரே தடவை. இப்படி இடையில் வைத்திருக்கும் கணக்குதான் ‘நிலை’. சம், ஆவரேஜ் போன்ற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தொடக்கம், ஒரு வரியைச் சேர்த்தல், இரண்டு நிலைகளை இணைத்தல், முடித்தல் என்று நாலு வேலை கொடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் 2016-இல் 9.6 பதிப்பில் இணை அக்ரிகேட்டை (இப்படிப்பட்ட கணக்கைப் பல பிரிவாகப் பிரித்து ஒரே நேரத்தில் போடுவதை) கொண்டுவந்தபோது, அந்த இணைக்கும் ஃபங்ஷன்தான் புதிதாகச் சேர்ந்தது.

குரூப் பை வந்தால், அதாவது பூவாரியாகத் தனித்தனிக் கணக்கு கேட்டால், பூவின் பெயரைச் சாவியாக வைத்து, ஹாஷ் டேபிளில் (சாவியைக் கொண்டு உடனே தேடியெடுக்கும் அட்டவணை) குரூப்புக்கு ஒரு நிலை. அவ்வளவுதான்.

அப்புறம் நல் (null), அதாவது மதிப்பே எழுதாத இடம். விலை எழுதாத சீட்டைப் பூஜ்யமாக எடுத்தால் சராசரி குறைந்துவிடும். கூட்டுத்தொகை, எண்ணிக்கை இரண்டிலுமே அதைத் தாண்டிப் போங்கள். வரியே இல்லாவிட்டால் கவுண்ட் 0, சம் நல். எனக்கு இது விநோதமாகத்தான் படுகிறது, ஆனால் டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லின் விதி அது.

மீடியனுக்கு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் விலை) இந்த வித்தை பலிக்காது. துல்லியமாக வேண்டுமென்றால் எல்லா விலையையும் வைத்திருக்க வேண்டும்.